ஆந்தை வந்து கூப்பிட்டால் மட்டும்

பகல் பன்னிரண்டரை மணிக்கு நூலகத்தின் கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள். நான் உள்ளே இருந்தேன். பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் எனக்குப் பயம் வரவில்லை. எல்லாம் கதையில் உள்ளபடியே நடக்கிறது என்ற திருப்திதான் வந்தது. எனக்கு அப்போது எட்டு வயது.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன இந்தச் சம்பவத்தை இப்போது எழுத உட்கார வைத்தவள் என் மகள். போன வாரம் செம்பூரில் எங்கள் கட்டடத்து வாசலில் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. அவள் மட்டும் இறங்கவில்லை. பேருந்தில் வரும் ஆயா என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். என் கணவர் போலீசுக்குப் போவோம் என்றார். எதிர்வீட்டுக்காரர் கேமராவில் பார்ப்போம் என்றார். நான் பாண்டுப்பில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்தேன். என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை, அழுதிருக்கிறேன் போல. அத்தை முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:

“நேத்து ராத்திரி என்ன புஸ்தகம் படிச்சிட்டிருந்தா?”

ஆங்கிலப் படக்கதை, ஏதோ ஒரு நூலகத்துக்குள் மந்திரம் ஒளிந்திருக்கிறதாம், என்றேன்.

“பெறகு என்னத்துக்குட்டி அழுத? பள்ளிக்கூடத்து லைப்ரரில போய்ப் பாக்கச் சொல்லு.”

அங்கேதான் இருந்தாள். கடைசி மேசைக்கு அடியில், காலை மடக்கிக்கொண்டு, அதே கதையின் அடுத்த பாகத்தோடு. பேருந்து மணி அடித்தது அவள் காதில் விழவே இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு அவள் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். நான்தான் இன்னும் பேருந்து வருவதற்கு அரைமணி முன்பே வாசலில் போய் நிற்கிறேன். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவே ஒரு விஷயம் என்னைச் சிரிக்கவும் வைத்தது. அத்தை என் மகளை ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிட்டாள். என்னை வெளியே கொண்டுவர அவளுக்கு ஒரு சாயங்காலமே ஆனது.

அப்போது நாங்கள் தாராவியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். அப்பா திருநெல்வேலிப் பக்கம் பத்தாவது வரை படித்துவிட்டுப் பம்பாய்க்கு வந்தவர். மருந்துக் கம்பெனிக் கிடங்கில் வேலை. மிச்ச நேரமெல்லாம் தமிழ்ப் புத்தகம். அத்தை அவருக்கு ரொம்ப வருடம் இளையவள். கைக்குழந்தையாகத் தூக்கி வரப்பட்டவள். பக்கத்தில் இருந்த இந்திப் பள்ளியில் படித்தாள், பிறகு துணிப்பட்டறையில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனாள். அம்மா தின்பண்டப் பொட்டலம் கட்டப் போவாள். பள்ளி விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் நான் வீட்டில் தனியாக இருப்பேன். முதலில் வருகிறவள் அத்தை.

எங்கள் வீட்டில் ஒரு தமிழ்ப் படக்கதை இருந்தது. ஊரிலிருந்து வந்த ஒருவர் ரயிலில் படித்துவிட்டு விட்டுப்போனது. முன்அட்டை கிடையாது. உள்ளே படங்கள் அற்புதமாக இருக்கும். கூரை தெரியாத உயரத்துக்குப் புத்தக அலமாரிகள். புறாக்களைப் போலப் பறக்கும் புத்தகங்கள். அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். புகை வரும் பாத்திரத்தின் பக்கத்தில் ஓர் ஆந்தை. எனக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்து தெரியாது. அதனால் ராத்திரி சாப்பிட்டதும் அத்தைதான் வாசிப்பாள்.

அப்படி ஒரு வாசிப்பை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. மந்திரவாதி பேசினால் எதிர்வீட்டு ரேடியோவைக் குறைப்பார்கள். அந்தப் பெண்ணின் பெயர் கட்டச்சி. என்னையும் வீட்டில் கட்டச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பொருத்தம் எனக்குப் பெரிய பெருமை. கதை நடக்கும் நூலகம் மாட்டுங்காவில், ரயில்வே பாலம் தாண்டி, மாடிப்படி ஏறினால் வரும். ஆந்தை நல்லது. கொஞ்சம் முன்கோபி. பம்பாய் இந்தி கலந்து பேசும், சாயா இல்லாமல் ஒரு வேலையும் செய்யாது. பாத்திரத்தில் புகைவது அதன் சாயாதான். அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குள் தனியாக உட்கார்ந்து ஒன்றைக் கேட்டால் அந்த அறை அதைக் கொடுக்கும். ஆனால் மந்திரவாதி வெளியே நின்றுகொண்டு எல்லார் குரலிலும் கூப்பிடுவான். அம்மா குரலில் கூப்பிடுவான், அப்பா குரலில் கூப்பிடுவான். திறக்கவே கூடாது. ஆந்தை வந்து கூப்பிட்டால் மட்டும் திறக்கலாம்.

தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் அத்தை எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் வாயை வைத்து, அடுத்த வீட்டுக்குக் கேட்காமல், ஆந்தை மாதிரிக் கூப்பிடுவாள். நான் தாழ்ப்பாளை எடுப்பேன். அந்த நேரத்தில் வேறு யார் கதவைத் தட்டினாலும் நான் மூச்சு விடமாட்டேன். தனியாக இருக்கும் பிள்ளை தெரியாதவர்களுக்குக் கதவைத் திறக்கக்கூடாது என்று மற்ற வீடுகளில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். என் அத்தை ஆந்தையை விட்டுச் சொல்லிக்கொடுத்தாள்.

வாசிக்கும்போது அவளுடைய விரல் வரிகளின் அடியில் ஓடும். சில சமயம் ஒரே ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் சொல்லிக்கொண்டே இருப்பாள். தமிழ் எழுத்து அவ்வளவு சத்துள்ளது, ஒரு சொல்லுக்குள் இத்தனை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இப்போது நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அத்தைக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. படத்தைப் பார்த்துத் தானாகக் கட்டிய கதையைத்தான், ராத்திரிக்கு ராத்திரி ஒரு சொல் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அது மாறாததால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அச்சடித்த கதை வேறு. அப்பா ஒருநாளும் அந்தப் படக்கதையைத் தொட்டுப் பார்த்தவரில்லை. பாயில் சாய்ந்தபடி தங்கையின் குரலைக் கேட்டு, “இந்தியில படிச்ச பிள்ள, தானா தமிழ் படிச்சிட்டா பாரு” என்று அம்மாவிடம் பெருமைப்படுவதோடு சரி. அவர் அதை முதல் தடவை சொன்னபோது அத்தை மறுத்திருக்கலாம். அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க முடியாமல் போயிருக்கும்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் மாட்டுங்கா நூலகத்தில் அப்பாவுக்குப் புத்தகம் மாற்றும் வேலையும் அவளிடம் வந்தது. என்னையும் கூட்டிப்போவாள். அட்டை அழகாக இருப்பதை எடுப்பாள். ஒருமுறை மாட்டு வைத்தியம் வந்துவிட்டது. அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னட்டி இது? நம்ம சந்துல கோழிக்கே எடமில்ல.”

“படிச்சி வைங்கண்ணே, என்னைக்காவது ஒதவும்” என்றாள் அத்தை. அப்பா அதையும் கடைசிப் பக்கம் வரை படித்தார்.

இந்தப் பெருமைதான் வினையானது. ஊரில் தமிழ் வாத்தியாராக இருந்த ஒருவருக்குப் பெண் தேடினார்கள். பம்பாயில் வளர்ந்தாலும் என் தங்கை சரளமாகத் தமிழ் வாசிப்பாள் என்று அப்பா சொல்லி அனுப்பினார். அங்கிருந்து ஒரு போட்டோ வந்தது. அத்தை அதை முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தாள். கண்ணாடி ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். மே மாத விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்கள் பாண்டுப்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வருவார்கள்.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: நாலு மணிக்கு ஒருவர் வந்து அத்தையை ஊருக்குக் கூட்டிப்போகப் போகிறார். அதைத் தடுக்க எனக்குத் தெரிந்த ஒரே இடம் மாட்டுங்காவில் இருந்தது.

காலையில் வீட்டைக் கழுவிவிடுகிறார்கள் என்று என்னை வெளியே துரத்தினார்கள். நான் ரயில்வே பாலம் ஏறி இறங்கி நூலகத்துக்குப் போனேன். கடைசி அலமாரிக்குப் பின்னால், பழைய பத்திரிகைகளைக் கட்டிவைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. ஜன்னல் கிடையாது. செருப்பை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். நூலகர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு போனார். விசிறி நின்றது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அத்தை போகக்கூடாது.

அன்று வீட்டில் நடந்ததை அம்மா எனக்குப் பல வருடங்களாகத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டுக்கு நான் வரவில்லை என்றதும் சந்து முழுக்கத் தேடினார்கள். “மாட்டுங்காவுக்குத்தான் போயிருப்பா மைனி, லைப்ரரிக்கு” என்று அத்தை அப்போதே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா ஓடினாள். வாசலில் பூட்டுத் தொங்கியது. பூட்டின கட்டடத்துக்குள் பிள்ளை எப்படி இருக்கும் என்று திரும்பிவிட்டாள்.

வீட்டில் அப்பா முதல்முறையாக அந்தப் படக்கதையைக் கையில் எடுத்திருந்தார். பிள்ளை எந்நேரமும் இதைத்தானே வைத்துக்கொண்டிருக்கிறாள், இதிலிருந்து ஏதாவது பிடிபடுமா என்று வாசித்தார். அச்சடித்த கதையில் அந்த மந்திர நூலகம் ஆற்றங்கரை மண்டபத்துக்கு அடியில், தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டில் இருந்தது. அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் மாஹிம் பக்கத்துக் கழிமுகம்தான். அத்தை, “அண்ணே, அங்க இருக்க மாட்டா” என்றாள்.

“புஸ்தகத்துல ஆத்தங்கரைன்னு போட்டிருக்கு. தெனம் நீதான வாசிச்ச?”

அத்தை பதில் சொல்வதற்குள் அவர் செருப்பில்லாமல் ஓடிவிட்டார். அந்த வெயிலில் கழிமுகத்தின் கரையோரமாக நடந்து, சேற்றில் கிடந்த ஒவ்வொரு துணியையும் குச்சியால் புரட்டிப் பார்த்தாராம். போன வாரம்வரை இது எனக்கு அம்மா சொல்லும் பல கதைகளில் ஒன்றாக இருந்தது.

நாலு மணிக்கு நூலகர் கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கும்போது என் செருப்பைக் கண்டார். சின்ன அறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். நான் பேசவில்லை. சனிக்கிழமைதோறும் வருகிறவளின் செருப்பு என்று அடையாளம் கண்டு, அப்பாவின் உறுப்பினர் படிவத்தில் எழுதியிருந்த எங்கள் சந்து முனை மளிகைக் கடை எண்ணுக்குப் போன் செய்தார். செய்தி வந்தபோது மாஹிமிலிருந்து அப்பா வெறுங்கையோடு திரும்பியிருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். “நீ இரு, வந்தவியளத் தனியா விடக்கூடாது” என்று அத்தையிடம் சொல்லிவிட்டு அப்பாவும் அம்மாவும் ஓடிவந்தார்கள்.

இனி நடந்ததை நான் கதவுக்கு உள்பக்கத்திலிருந்து கேட்டேன்.

“பயப்படாதேள் சார், கொழந்தை உள்ளதான் இருக்கா. ஆனா சத்தமே இல்லை. காத்தே போகாத ரூம், அதான் எனக்குக் கவலையா இருக்கு” என்று நூலகர் சொன்னார்.

அம்மா என் பெயரைச் சொல்லி அழுதாள். அம்மாவின் குரலை மந்திரவாதி எவ்வளவு திறமையாகப் பேசுகிறான் என்று ஆச்சரியப்பட்டேன். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, தலை சுற்றியது. தாழ்ப்பாள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

கதவை உடைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். “கதவுல சாஞ்சி உக்காந்திருந்தா, பிள்ள மேல விழும்” என்றது அப்பாவின் குரல். பிறகு தாள் புரளும் சத்தம். அப்பா படக்கதையையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு அதிலிருந்து உரக்க வாசித்தார்:

“இளவரசியே! ஆபத்து நீங்கிற்று! அஞ்சாமல் வெளியே வருக!”

எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. என் அப்பா வாழ்நாளில் ‘நீங்கிற்று’ என்று பேசியவரில்லை. மந்திரவாதி மாட்டிக்கொண்டான். நான் இன்னும் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

அப்புறம் என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பாண்டுப்புக்குத் திரும்பினார்; தகவல் எதுவும் வரவில்லை. அந்த அறை நான் கேட்டதைக் கொடுத்துவிட்டது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு வாரம் அத்தையோடு பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவருக்கு மாட்டு வைத்தியம் நினைவுக்கு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தார், புரையேறி, கண்ணில் நீர் வந்து, அத்தைதான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச காலம் கழித்து அத்தை பாண்டுப்பில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாமாவுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. அவள் சொல்லும் எந்தக் கதையையும் அவர் சரிபார்க்க மாட்டார். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தப் போட்டோவை அத்தை கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் எடுத்தாள். கண்ணாடி ஆடவில்லை.

மறுபடியும் அந்தக் கதவுக்கு வருகிறேன்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே நிறைய வளையல் சத்தம். அம்மா யாரிடமோ பேசினாள்: “ஐயோ, நீங்களும் ஏன் வந்திய?” தெரியாத ஒரு பெண்குரல் மூச்சிரைத்தபடி பதில் சொன்னது: “பிள்ளையக் காணும்னு வீடே ஓடுது, நான் மட்டும் அங்க உக்காந்து கேசரி திங்கவா? உங்க நாத்தனா இருப்புக்கொள்ளாமத் தவிச்சா. வா தாயி, நானும் வாரேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்.”

“வந்திட்டியா?” என்றது அப்பாவின் குரல். உடைந்துபோயிருந்தது. “நான் எல்லாம் வாசிச்சிப் பாத்திட்டேன். தெறக்க மாட்டேங்கா. இந்தா, நீ வாசி. எந்த எடம்னு ஒனக்குத்தான் தெரியும்.”

தாள் கை மாறும் சத்தம் கேட்டது.

“வாசிம்மா” என்றது அந்தத் தெரியாத குரல். அன்பாகத்தான் சொன்னது. “நீ நல்லா வாசிப்பன்னு உங்க அண்ணன் சொல்லிச் சொல்லி, எம்மவனே கேக்கணும்னான்.”

அவ்வளவு நேரம் அழுதுகொண்டும் தட்டிக்கொண்டும் இருந்தவர்கள் ஏன் அப்படி ஒரேயடியாக அமைதியானார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மந்திரவாதி போய்விட்டானோ என்று காதைக் கதவில் வைத்தேன்.

“அதுல இல்லண்ணே” என்றாள் அத்தை.

“எதுல இல்ல?”

“நான் அவகிட்டச் சொன்னது இந்தப் புஸ்தகத்துல இல்ல. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுண்ணே. நானாத்தான் சொன்னேன், எல்லாம்.”

புத்தகத்தை எங்கேயோ வைத்த சத்தம். புதுப்பட்டுச் சேலை தரையில் உரசும் சத்தம். மல்லிகைப்பூ வாசம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. வீட்டில் என்றால் அவள் கிசுகிசுவென்றுதான் கூப்பிடுவாள். அன்று ஏன் அத்தனை உரக்க, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள் என்பதை யோசிக்கும் வயதில் நான் இல்லை. நான் கதையில் சொன்னபடி உட்கார்ந்திருந்தேன், ஆந்தையும் சொன்னபடி வந்துவிட்டது. அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, முழுவதும் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

“ஊங்... ஊங்... ஊங்... சலோ கட்டச்சி, மந்திரம் முடிஞ்சிட்டு. வெளிய வா, சாயா ஆறுது.”